ருதுவும் குதிரையும் – பாண்டியன் லாயத்திலிருந்து கொல்கத்தா மைதானம் வரை

நமது காலாண்டிதழில் க்ஷேத்திரங்கள், ஸங்கீதம், பண்டிகை, சமையல் என்று எத்தனையோ விஷயங்களைப் பற்றி அன்பர்கள் எழுதி வருகிறார்கள். குதிரையைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, உத்தியோக நிமித்தம் கொல்கத்தா வந்து, லேக் கார்டன்ஸில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கும் ஒரு ரிடையர்டு மனுஷனுக்குக் குதிரையோடு என்ன ஸம்பந்தம் என்று கேட்கலாம். கொல்கத்தாவில் வசிப்பவனுக்குக் குதிரை தினமும் கண்ணில் படுகிற பிராணி. தஞ்சாவூர்க்காரனுக்கோ அது சரித்திரத்தோடு சேர்ந்து வருகிற பிராணி. இரண்டும் சேர்ந்ததால் வந்த கட்டுரை இது.

வெளியூர் அன்பர்களுக்காக எங்கள் பேட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. லேக் கார்டன்ஸுக்கு வடக்கே ரவீந்திர ஸரோவர் ஏரி. அதைத் தாண்டினால் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாசம் செய்யும் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ. தெற்கே பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு. இந்தப் பெயர் திப்பு ஸுல்தானின் வம்சத்தவர் ஒருவருடையது. 1806இல் நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் நடந்ததல்லவா? அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பத்தார் இனி தெற்கே இருக்கக் கூடாது என்று கம்பெனியார் முடிவு செய்து, அவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம்தான் இந்த டாலிகஞ்ச் பக்கம். ஆக, எங்களுக்கு முன்னாலேயே வேலூரிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்! பிற்பாடு அதே டாலிகஞ்சில் 1895இல் டாலிகஞ்ச் கிளப் ஏற்பட்டது. அதன் ஆரம்பமே குதிரை ஸவாரிக்காகத்தான். வடக்கே மைதானத்தில் 1847இல் தோன்றிய டர்ஃப் கிளப். 1840லிருந்து குதிரைப் போலீஸ். விக்டோரியா மெமோரியல் வாசலில் ஜிகினா கட்டிய சாரட்டு வண்டிகள். எங்கள் ரவீந்திர ஸரோவர் மெட்ரோவில் ஏறினால் நாலாவது ஸ்டேஷனில் இறங்கி இவற்றைப் பார்க்கலாம்.

பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி தோன்றும். குதிரை, வறண்ட புல்வெளியில் பிறந்து வளர்ந்த ஜாதி. வேர்வை சொட்டும் வைகாசியிலும், முழங்கால் தண்ணீர் நிற்கும் ஆடி ஆவணியிலும், நம் தேசத்தின் கடற்கரை ஊர்களில் அது எப்படிப் பிழைத்தது? யார் அதைக் காப்பாற்றினார்கள்? யார் காப்பாற்றத் தவறினார்கள்?

பாண்டியன் லாயம்

தமிழ்நாட்டில் குதிரை எப்போதுமே கப்பலில் வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மலைநாட்டிலிருந்து வந்த ‘குதிரைச் செட்டிகள்’ சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் வருகிறார்கள். இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிற்காலப் பாண்டியர் ஆட்சியில். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகளும் பாரசீகக் குதிரைகளும் வந்து இறங்கின.

இதைப் பற்றி இரண்டு வெளிநாட்டார் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாஃப். வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரைகள் இந்தப் பக்கத்துத் துறைமுகங்களுக்கு வந்தன என்றும், ஒரு குதிரைக்கு 220 தங்க தினார் விலை என்றும், வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து அதே விலை கொடுக்கப்பட்டது என்றும் அவர் சொல்கிறார். இன்னொருவர் நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த மார்க்கோ போலோ. அரசன் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் பார்த்தால் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார் அவர்.

ஏன் இப்படி? இருவரும் காரணமும் சொல்கிறார்கள். நெய்யில் பிசைந்த வறுத்த தானியமும் காய்ச்சின பசும்பாலும் கொடுத்தார்களாம். இது வஸ்ஸாஃப். வேகவைத்த சாதமும் மாமிசமும் கொடுத்தார்களாம். இது மார்க்கோ போலோ. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் அந்த நாட்டில் இல்லை என்றும் அவர் சொல்கிறார். அதற்கு மேல் அவர் சொல்லும் ஒரு விஷயம்தான் மனத்தைச் சங்கடப்படுத்துகிறது. குதிரை வியாபாரிகள் லாடக்காரர்களைத் தங்களோடு அழைத்து வருவதில்லை. அங்கே போகவும் விடுவதில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே அடுத்த வருஷமும் வியாபாரம் நடக்கும்?

பிரயாணிகள் ஊதிச் சொல்லுகிறவர்கள், கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், தீனி தப்பாக இருந்தது என்று ஒரே மாதிரி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பாண்டியனுக்குப் பணத்துக்குக் குறைவில்லை. பிரியத்துக்கும் குறைவில்லை, தனக்கு உசத்தி என்று தோன்றிய பாலையும் நெய்யையும் அல்லவா குதிரைக்கு ஊட்டினான்!

பாண்டியன் குதிரை வாங்கின கதை என்றதும் நம் எல்லோருக்கும் மாணிக்கவாசகர் ஞாபகம் வந்திருக்கும். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன் திருப்பெருந்துறைக் கோயிலில் செலவானதும், ஆவணியில் குதிரை வருமென்று சொன்னதும், நரிகள் பரிகளானதும், ராத்திரியில் அவை மறுபடி நரிகளாகி லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறியதும் திருவிளையாடலில் கேட்டிருக்கிறோம். அது பகவானின் லீலை. அதற்குச் சரித்திர ஸாட்சி தேடுவது என் உத்தேசமில்லை. ஆனால் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு, நேற்று நிறைந்திருந்த லாயம் இன்று காலியாகிவிடுவது பழக்கமான காட்சியாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

இருநூறு வருஷம் கழித்து விஜயநகரத்திலும் இதே கதைதான். ஸாளுவ நரஸிம்மன் ஆயிரம் பர்தாவோவுக்கு மூன்று குதிரை என்ற விலையில் வாங்கினான். கடலில் செத்துப்போன குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் அதே விலை கொடுத்தான். இதை எழுதி வைத்தவர் ஃபெர்னாவோ நூனிஸ் என்ற போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி. வாலுக்கே விலை கிடைக்கும்போது, கப்பலில் தண்ணீரும் காற்றும் சரியாக இருக்க வேண்டும் என்று யார் கவலைப்படுவார்கள்?

சாஸ்திரம் சொன்னது என்ன?

அப்படியானால் நம் நாட்டில் அச்வ சாஸ்திரமே இல்லையா? தாராளமாக இருந்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் ‘அச்வாத்யக்ஷர்’ என்ற குதிரைக் கண்காணிப்பாளருக்குத் தனி அத்தியாயமே உண்டு. (இந்த நூலின் ஓலைச் சுவடியை மைசூர் நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருவர். அதை 1909இல் பதிப்பித்தவர் ஆர். சாமசாஸ்திரிகள். எங்கள் ஜில்லாப் பெருமையை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை!)

அந்த அத்தியாயத்தில் இருப்பதைக் கேளுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் தனி இடம். குதிரையின் நீளம் எவ்வளவோ அவ்வளவு சதுரம். கீழே வழவழப்பான பலகை. சாணமும் மூத்திரமும் வெளியேற வழி. தீனிப் பெட்டி. கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த வாசல். தினம் இரண்டு வேளை ஸ்நானம். படித்தரத்தில் தானியம், நெய் அல்லது எண்ணெய், மாமிசம், ஐந்து பலம் உப்பு. இவற்றோடு அரை பாரம் பசுந்தீனி, அதற்கு இரு மடங்கு புல். குதிரை வைத்தியரின் கடமைகளில் முக்கியமானது, ருதுவுக்குத் தக்கபடி ஆகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது. வைத்தியக் குறையால் வியாதி ஜாஸ்தியானால் செலவைப் போல் இரு மடங்கு அபராதம். குதிரை செத்தால் அதன் முழு விலை அபராதம்.

மார்க்கோ போலோ பார்த்து ஆச்சரியப்பட்ட மாமிசமும் வஸ்ஸாஃப் சொன்ன நெய்யும் இந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றோடு சேர்ந்து புல்லும் உப்பும் இருக்கின்றன, உலர்ந்த தரை இருக்கிறது, பொறுப்பேற்கும் வைத்தியர் இருக்கிறார். சாஸ்திரத்தில் உசத்தியான பதார்த்தங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, புல்லையும் ருதுவையும் வைத்தியரையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாண்டியன் லாயமே உதாரணம் என்று நினைக்கிறேன்.

குதிரை வைத்தியத்தின் ஆதிபுருஷராகச் சாலிஹோத்ரரைச் சொல்வார்கள். பஞ்சபாண்டவர்களில் நகுலன் பெயராலும் ஒரு அச்வ சாஸ்திரம் இருக்கிறது. விராட நகரத்தில் அஞ்ஞாத வாஸத்தின்போது நகுலன் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவனாயிற்றே! ஜயதத்தர் என்பவர் ‘அச்வவைத்யகம்’ எழுதினார். கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஏஷியாடிக் ஸொஸைட்டி, 1880களில் ஜயதத்தரின் நூலை அச்சிட்டது. பதிப்பித்தவர் கவிராஜ் உமேச சந்திர குப்தர் என்ற வங்காளி. நகுலனின் அச்வ சாஸ்திரத்தை வர்ணப் படங்களோடு 1952இல் வெளியிட்டது நம் தஞ்சாவூர் ஸரஸ்வதி மஹால் நூலகம். நான் பிறந்த ஜில்லாவும் நான் பிழைக்க வந்த ஊரும் குதிரை விஷயத்தில் இப்படி ஒன்று சேர்ந்திருக்கின்றன.

அர்த்தசாஸ்திரத்தில் இன்னொரு விஷயம். ஆச்வயுஜ மாஸத்தில் ஒன்பதாம் நாள் குதிரைகளுக்கு ‘நீராஜனம்’ செய்ய வேண்டும். அதாவது தீபம் சுற்றிச் சாந்தி செய்வது. நம் நவராத்திரியில் ஸரஸ்வதி பூஜை செய்து ஆயுதங்களுக்குச் சந்தனம் குங்குமம் இடுகிறோமே, அந்த மஹாநவமிதான். விஜயநகரத்தில் 1520 வாக்கில் மஹாநவமியைப் பார்த்த டொமிங்கோ பாயஸ், அலங்கரித்த குதிரைகள் ராஜாவைப் பார்த்து வரிசையாக நிற்க, தலைமைப் பிராம்மணர் தேங்காய், அரிசி, புஷ்பம், ஜலத்தோடு அவற்றைச் சுற்றி வந்ததை எழுதியிருக்கிறார்.

ஏன் அந்த மாஸம்? மழைக்காலம் முடிந்து சேனை புறப்படும் காலம் அது. நாலு மாஸம் ஈரத்திலும் ஈ கொசுவிலும் கிடந்த குதிரை, பிழைத்ததா, நொண்டுகிறதா, மெலிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கத் தகுந்த சமயமும் அதுவே. பூஜை என்றால் லாயத்தைக் கழுவாமல், குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டாமல் செய்ய முடியாது. நம் பெரியவர்கள் பல நல்ல காரியங்களைப் பூஜையோடு முடிந்து வைத்ததன் ஸூக்ஷ்மம் இதுதானோ என்னவோ!

ருது எப்படி வேலை செய்கிறது?

இன்றைய கால்நடை வைத்தியம் இதை எப்படி விளக்குகிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

குதிரையின் வயிறு சின்னது. பின்குடல் பெரியது. அங்கேதான் புல்லும் வைக்கோலும் நொதித்துச் சத்தாகின்றன. மாவுச்சத்தை ஒரேயடியாகக் கொட்டினால் அது செரியாமல் பின்குடலுக்குப் போய்ப் புளித்து, தாங்க முடியாத வயிற்று வலி வரும். குளம்புக்குள் அழற்சி உண்டாகிக் கால் போய்விடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. சாதமும் நெய்யும் என்ன செய்திருக்கும் என்று இப்போது புரிகிறது. நம் ஊர்க் கொள்ளுக்குக் கூட ஆங்கிலேயன் ‘குதிரைப் பயறு’ என்று பெயர் வைத்தான். அதையும் ஊறவைத்து, வேகவைத்து, புல்லோடு அளவாகத்தான் கொடுக்க வேண்டும்.

வெயில் காலம். மனுஷ்யர்களைப் போலவே குதிரையும் வேர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. கடுமையாக வேலை செய்தால் ஒரு மணியில் பத்து லிட்டருக்கு மேல் கூட வேர்வை போகும். அதோடு உப்பும் போகும். சும்மா நிற்கும் குதிரைக்கே தினம் 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வெயிலில் வேலை செய்தால் அது இரட்டிப்பாகும். கௌடில்யரின் ஐந்து பலம் உப்புக்கு அர்த்தம் இதுதான். நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு கஷ்டம். காற்றில் ஈரம் ஜாஸ்தியானால் வேர்வை உலராது, உடம்பு குளிராது. சில குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுபோகும். ரோமம் வறண்டு மூச்சு மட்டும் இரைக்கும். இங்கிலாந்திலிருந்து இந்தியா போன்ற உஷ்ண தேசங்களுக்குக் கொண்டுவந்த குதிரைகளிடம்தான் இந்த வியாதியைக் கவனித்தார்கள்.

குதிரைக்காரர்களிடம் ஒரு மனக்கணக்கு உண்டு. ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத சதவிகிதத்தையும் கூட்ட வேண்டும். 130க்குள் இருந்தால் பயமில்லை. 150ஐத் தாண்டினால் ஜாக்கிரதை. 180க்குப் போனால் வேலையே வாங்கக் கூடாது. வெயிலில் துவண்ட குதிரையின் மேல் ஜில்லென்று தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று வெகு காலம் பயந்தார்கள். 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்தபோது, அந்த ஊர்ப் புழுக்கத்துக்காகவே ஆராய்ச்சி செய்து, குளிர்ந்த நீரை உடம்பு முழுக்கத் தொடர்ந்து ஊற்றுவதுதான் சரியான வைத்தியம் என்று தெளிந்தார்கள்.

மழைக்காலம். ‘பர்ஸாதி’ என்று வடக்கே ஒரு குதிரை வியாதி உண்டு. பர்ஸாத் என்றால் மழை. ஈக்கள் கொண்டுவந்து வைக்கும் புழுவினால் மழைக்காலத்தில் ஆறாத புண் உண்டாகி, குளிர் வந்ததும் தானே ஆறும். ‘ஸுர்ரா’ என்ற ஜுரம் குதிரை ஈ கடிப்பதால் வருவது. அதன் கிருமியை 1880இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை வைத்தியர், அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தார். ஈரத்திலேயே நின்றால் குளம்பின் அடி அழுகி நாற்றமெடுக்கும். பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்றால் வயிறும் மூச்சும் கெடும். ஆகவே மழைக்காலத்தில் உலர்ந்த மேட்டுத் தரை, தினம் குளம்பு சுத்தம், நனையாத தீனி, சாணம் அப்புறப்படுத்தல் ஆகியவை அவசியம்.

குளிர்காலம். கொல்கத்தாவின் மார்கழிக் குளிரைக் குதிரை நன்றாகவே தாங்கும். அதற்குப் பகை நனைந்த உடம்பும் ஊதைக் காற்றும்தான். குளிருக்குப் பயந்து லாயத்தை அடைத்து மூடினால் மூத்திரத்தின் கார நெடி நுரையீரலைக் கெடுக்கும்.

இத்தனையிலும் பெரிய ரகஸ்யம் ஒன்றுமில்லை. நிழல், தண்ணீர், உப்பு, புல், உலர்ந்த தரை, கவனிக்க ஒரு ஆள். அவ்வளவுதான்.

டிராம் இழுத்த குதிரைகள்

ஆங்கிலேயர் காலத்தில் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. நியூ ஸௌத் வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு ‘வேலர்’ என்று பெயர். பாண்டியன் காலத்துக் கதை புதிய கப்பல்களில் தொடர்ந்தது எனலாம். 1873 பிப்ரவரி 24ஆம் தேதி ஸியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை முதல் குதிரை டிராம் ஓடியது. அது சில மாஸங்களில் நின்றுபோய், 1880இல் புதிய கம்பெனியோடு மறுபடி ஆரம்பித்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் கம்பெனியிடம் சுமார் 1,000 குதிரைகளும் 166 வண்டிகளும் இருந்தன. குளிர் தேசத்துக்குப் பழகிய குதிரை, ஜனங்கள் ஏறிய வண்டியை வைகாசி வெயிலில் தண்டவாளத்தில் இழுத்தால் என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1882இல் நீராவி இஞ்சினைப் பரீக்ஷை பார்த்தார்கள். 1902இல் மின்சார டிராம் வந்த பிறகுதான் அந்தக் குதிரைகளுக்கு விமோசனம்.

இந்தக் கஷ்டத்தை முன்னாலேயே கண்டு மனம் வருந்தியவர் கோல்ஸ்வொர்த்தி கிராண்ட். லண்டனில் பிறந்து, 1832இல் கல்கத்தா வந்த சித்திரக்காரர். வண்டி மாடும் குதிரையும் படும் பாட்டைத் தெருவில் பார்த்து, 1861இல் மிருகவதைத் தடுப்புச் சங்கம் ஒன்றை இங்கே ஆரம்பித்தார். ஆசியாவிலேயே இப்படிப்பட்ட முதல் சங்கம் இதுதான் என்பார்கள். அவர் முயற்சியின் பலனாக 1869இல் வங்காளத்தில் மிருகவதைக்கு எதிராகச் சட்டம் வந்தது. ரைட்டர்ஸ் பில்டிங் எதிரே அவர் ஞாபகார்த்தமாக நிற்கும் ஸ்தூபியை, தினம் ஆயிரக்கணக்கான பேர் பார்க்காமலே கடந்து போகிறார்கள்.

கிராண்ட் ஆரம்பித்ததை இந்தியா முழுவதற்கும் ஆக்கியவர் நம் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை எல்லோரும் அறிவோம். ராஜ்யஸபையில் நியமன அங்கத்தினராக இருந்தபோது, 1953இல் மிருகவதைத் தடுப்பு மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அவரே. சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததன் பேரில் அதை வாபஸ் பெற்றார். அதன்படி 1960இல் சட்டம் வந்தது. 1962இல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர். 1986இல் காலமாகும் வரை அந்தப் பணியை விடவில்லை.

அந்தச் சட்டத்தின் கீழ் 1965இல் வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கென்று விதிகள் செய்தார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்பது மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரி ஸெல்ஷியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வேலை வாங்கவே கூடாது. ருதுவிபாகம் என்று சாஸ்திரம் சொன்னது, நம் காலத்தில் சட்டமாக வந்துவிட்டது என்று நான் இதைப் படித்தபோது ஸந்தோஷப்பட்டேன்.

ஆனால் நம் கடற்கரை ஊர்களுக்கு அந்த விதியில் ஒரு குறை. அது வெப்பத்தை மட்டும் பார்க்கிறது, ஈரத்தைப் பார்க்கவில்லை. 35 டிகிரி என்றால் 95 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 170. விதிப்படி குதிரையை ஓட்டலாம். குதிரையின் உடம்புப்படி ஓட்டக் கூடாது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் இப்படிப்பட்ட நாட்கள் ஜாஸ்தி. சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் தாழ்ந்தாலும் புழுக்கம் தாழ்வதில்லை.

இன்றைய நிலை

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்ந்து 3.4 லட்சம். 2012இல் 6.25 லட்சம் இருந்தன. ஏழு வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் ரயிலடியில் வரிசையாக நின்ற ஜட்கா வண்டிகளும், வண்டிக்கு அடியில் தொங்கும் பசும்புல் மூட்டையும் என் வயசுக்காரர்களுக்கு மட்டுமே ஞாபகம் இருக்கும். பம்பாயில் ‘விக்டோரியா’ வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொல்கத்தாவில் வண்டிக் குதிரைகளின் பரிதாப நிலை சமீப வருஷங்களில் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2025 ஏப்ரலில், எங்களுக்குப் பக்கத்துப் பேட்டையான பவானிபூரில், ஒரு வண்டிக் குதிரை வெயிலில் நடுரோட்டில் விழுந்த காட்சி செல்போனில் ஊர் முழுக்கப் பரவியது. பார்த்தவர்கள் எல்லோரும் பதறினார்கள்.

ரேஸ் குதிரைக்கும் போலீஸ் குதிரைக்கும் வைத்தியர் உண்டு, தீனிக்கு ஏற்பாடு உண்டு. அதே மைதானத்தில் சாரட்டுக் குதிரை, வேலை முடிந்ததும் விளக்குக் கம்பத்தடியில் கிடைத்த புல்லை மேய்கிறது. ஒரு நாள் சாயங்காலம் ஒரு வண்டிக்காரரிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. “பாபு, ஸீஸன் குளிர்காலத்தில். அப்போது சம்பாதிப்பதில்தான் வருஷம் முழுக்க நானும் இதுவும் சாப்பிட வேண்டும். வெயில் காலத்தில் ஸவாரி வராது, ஆனால் இதற்குப் பசிக்காமல் இருக்குமா?” என்றார். குதிரையின் கழுத்தில் ஈரச் சாக்கு போட்டிருந்தார். தண்ணீர் எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தூரத்தில் ஒரு குழாயைக் காட்டினார்.

அவரைப் பார்த்த பிறகு, தப்பு யார் பேரில் என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காயலில் குதிரை செத்தால் வியாபாரிக்கு லாபம், அரசனுக்குப் பணம் பெரிதில்லை, கஷ்டம் குதிரைக்கு மட்டும். விஜயநகரத்தில் வாலுக்கும் விலை. டிராம் கம்பெனிக்கு ஆயிரத்தில் ஒன்று. குதிரை சாவதால் தானும் நஷ்டப்படுகிறவனாக இருக்கிறவன் இந்தச் சரித்திரத்தில் சாரட்டு வண்டிக்காரன் ஒருவன்தான். அவனிடம் சாஸ்திரமும் இல்லை, தண்ணீர்த் தொட்டியும் இல்லை. வைத்தியர் மேல் பொறுப்பு வைத்து அபராதம் போட்ட கௌடில்யர், லாயமும் படித்தரமும் அரசன் செலவு என்பதையும் கூடவே எழுதினார். நாம் சட்டத்தில் அபராதத்தை எழுதிக்கொண்டோம். தொட்டியை யார் கட்டுவது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டோம்.

கொல்கத்தாவில் வண்டிகள் ஒரு நாள் நின்றுபோகலாம். நின்றால் அந்தக் குதிரைகள் எங்கே போகும், வண்டிக்காரர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்பதற்கும் சேர்த்து வழி செய்ய வேண்டும். அதுவரை நம்மால் ஆனது சிறிது உண்டு. விக்டோரியா மெமோரியலுக்கு வரும் பேரன் பேத்திகள் சாரட்டில் ஏற ஆசைப்பட்டால், சித்திரை முதல் புரட்டாசி வரை வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம். குளிர்காலத்தில் ஏறுவதானால், நொண்டாத, விலா எலும்பு தெரியாத குதிரையாகப் பார்த்து, நாலு பேருக்கு மேல் ஏறாமல் இருக்கலாம். எந்த ஊரில் இருந்தாலும், வெயிலில் துவண்டு விழுந்த குதிரையைக் கண்டால் கூட்டத்தை விலக்கி, பூட்டை அவிழ்க்கச் சொல்லி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கோ போலீஸுக்கோ தகவல் சொல்லலாம்.

நவராத்திரி வருகிறது. எங்கள் பேட்டையில் ஒரு பக்கம் வங்காளிகளின் துர்கா பூஜைப் பந்தல், ஒரு பக்கம் நம் வீட்டுக் கொலு. ஸப்தமி சனிக்கிழமையிலோ செவ்வாய்க்கிழமையிலோ வந்தால் அந்த வருஷம் அம்பாள் குதிரையில் வருகிறாள் என்று வங்காளிப் பஞ்சாங்கம் சொல்லும்; நாட்டுக்குக் கலக்கம் என்று பலனும் சொல்லும். குதிரைக்கு அதனால் என்ன பலன் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மஹாநவமிக்கு மைதானத்துக் குதிரைகளுக்கு இரண்டு மூட்டை பசும்புல்லும், ஒரு பெரிய தொட்டித் தண்ணீரும், கொஞ்சம் கல் உப்பும் கொண்டுபோய் வைக்கலாம் என்று எங்கள் பேட்டை அன்பர்கள் நாலைந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். கூட வர விருப்பமுள்ள கொல்கத்தா அங்கத்தினர்கள் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு முன், வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும்.